கொங்குச் சாலைகள் – 12: கொடுத்த வாக்கும் கட்டாத பங்கும்

தனியார் முதலாளிகள் கையிலிருந்த பேருந்துத் தடங்கள் அரசுடைமையாகி, 1972-ல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்த வரலாற்றைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த மாற்றத்தின் பலனை முழுதாக அனுபவித்த ஊர்களில் ஒன்று அவிநாசி. கோவை–சேலம் நெடுஞ்சாலையும் திருப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. சேவூர், கருவலூர், தெக்கலூர், குன்னத்தூர் பக்கத்துக் கிராமங்களில் மழை பொய்த்துக் கிணறு வறண்ட காலத்தில், காட்டு வேலையை விட்டவர்கள் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது இந்தப் பேருந்துகளில்தான். உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர், 1980-களில் ஏற்றுமதி நகரமாக வளர்ந்ததற்குப் பலரும் பல காரணங்கள் சொல்வார்கள். காலை ஷிப்டுக்குள் ஆயிரக்கணக்கானவர்களைக் குறைந்த கட்டணத்தில் கொண்டுவந்து இறக்கிய டவுன் பஸ்ஸும் அந்தக் காரணங்களில் ஒன்று. அந்தப் பேருந்துகளை ஓட்டியவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், டிப்போவில் டயர் கழற்றி மாட்டியவர்கள் இன்று ஓய்வுபெற்றிருக்கிறார்கள். விலைவாசி ஏற ஏற உயர வேண்டிய அவர்களுடைய ஓய்வூதியம் 2015-க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது. ஓய்வுபெறும் நாளில் கைக்கு வர வேண்டிய பணப்பலன்கள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. இதற்கு யார் பொறுப்பு என்பதுதான் இந்தப் பகுதியின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். கழகம் நட்டத்தில் ஓடுகிறது என்கிறது நிர்வாகம். கஜானா காலி என்கிறது ஆளும் கட்சி. முந்தைய ஆட்சி செய்த பாழ் என்கிறது புதிதாக வரும் ஆட்சி. சங்கங்கள் அதிகம் கேட்டதால் வந்த வினை என்பார் வேறு சிலர். எல்லோரும் காரணம் சொல்லலாம். பொறுப்பைக் கண்டுபிடிக்க வரலாற்றிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். வாக்குக் கொடுத்தது யார்? அந்த வாக்கைக் காப்பாற்றத் தேவையான கடிவாளங்கள் யார் கையில் இருந்தன? காப்பாற்றாமல் விட்டதால் மிச்சமான பணம் யாருக்குப் பயன்பட்டது? இந்த மூன்றுக்கும் ஆவணங்களிலிருந்து கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரே இடத்தைக் காட்டுகிறது என்பதே என் வாதம்.

முதலில் வாக்கு. தமிழ்நாட்டின் போக்குவரத்துக் கழகங்கள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். அதனால் அங்கே வேலை செய்தவர்கள் அரசு ஊழியர் ஆகவில்லை. பனியன் கம்பெனித் தொழிலாளியைப் போலவே அவர்களுக்கும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிதான் இருந்தது. 1995 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த குடும்ப ஓய்வூதியத்துடன் கூடிய இ.பி.எஸ். திட்டமும் வந்து சேர்ந்தது. அது தரும் தொகை மிகச் சிறியது. அரசு ஊழியருக்கு இருப்பதுபோன்ற ஓய்வூதியம் வேண்டும் என்று சங்கங்கள் நெடுங்காலம் கேட்டன. அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டு, 1998 செப்டம்பர் 1 முதல் செல்லும்படியாகப் போக்குவரத்துக் கழக ஊழியர் ஓய்வூதிய நிதி அறக்கட்டளை அமைந்தது. தொழிலாளர் பேச்சில் அது வெறும் 'டிரஸ்ட்'. ஏற்பாடு எளிமையானது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். அவர் கணக்கிலேயே இருக்கும். நிர்வாகம் கட்டி வந்த பங்கு டிரஸ்டுக்குப் போகும். டிரஸ்ட் அதை முதலீடு செய்து, ஓய்வுபெற்றவருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் கொடுக்கும். இதை ஒரு சலுகை என்று நினைப்பது தவறு. இ.பி.எஸ். திட்டத்துக்குப் போவது போக மிஞ்சும் நிர்வாகத்தின் பி.எஃப். பங்கு, வட்டியோடு சேர்ந்து ஓய்வுபெறும் நாளில் தொழிலாளியின் கைக்கு மொத்தமாக வந்திருக்க வேண்டிய பணம். அதை விட்டுக்கொடுத்துத்தான் அவர் ஓய்வூதியத்தை வாங்கினார். ஓய்வூதியம் எசமான் மனமிரங்கித் தரும் கொடை ஆகாது, செய்த வேலைக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. போக்குவரத்துத் தொழிலாளியைப் பொறுத்தவரை அது விலை கொடுத்து வாங்கிய உரிமையும்கூட.

இந்த ஏற்பாடு நிற்குமா என்பதை ஒரு சிறு கணக்குச் சொல்லிவிடும். ஓய்வூதியம் சம்பளத்தில் பாதி. நிர்வாகம் கட்டும் பங்கு, பி.எஃப். சட்டத்தின் பொது அளவான 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வட்டி வருவாயை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஓய்வுபெற்ற ஒருவருக்குக் கொடுக்க, வேலையில் இருக்கும் நான்கு பேருக்குமேல் பங்கு கட்ட வேண்டும். வட்டி கூடினால் இந்த எண்ணிக்கை குறையும். வட்டி இறங்கினால் ஏறும். டிரஸ்ட் தொடங்கிய ஆண்டில் பி.எஃப். வட்டி 12 விழுக்காடு. 2001–02-ல் அது 9.5 ஆக இறங்கியது, 2005–06-ல் 8.5 ஆனது. வட்டி இறங்கும்போது பங்கைக் கூட்ட வேண்டும், அல்லது அரசு தன் பையிலிருந்து இட்டு நிரப்ப வேண்டும். ஓய்வூதிய நிதி நடத்தும் எவருக்கும் தெரிந்த பாலபாடம் இது. வட்டி இறங்கியது யாருடைய குற்றமும் இல்லை என்று வாதிடலாம். இறங்கிய பிறகும் பங்கு அதே அளவில் நின்றதே, அது ஒரு முடிவு; அந்த முடிவுக்குச் சொந்தக்காரர் உண்டு.

அடுத்து நடந்ததுதான் டிரஸ்டின் தலையெழுத்தை மாற்றியது. 2003 ஆம் ஆண்டு, ஓய்வூதியப் பலன்களைக் குறைத்ததை எதிர்த்து, ஜூலை 2 முதல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசு டெஸ்மா எனும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை வேலைநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று டி.கே.ரங்கராஜன் வழக்கில் தீர்ப்பு வந்தது 2003 ஆகஸ்ட் 6-ல். அதே 2003 ஆகஸ்ட் 6 தேதியிட்டு, நிதித்துறையின் 259 ஆம் எண் அரசாணையும் வெளிவந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் மட்டுமே என்றது அது. எதிர்ப்புச் சொல்லும் நிலையில் ஊழியர்கள் இல்லாத நேரத்தில் வந்த ஆணை. மத்திய அரசு இதே போன்ற திட்டத்தை 2004 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாடு அதற்கு முந்திக்கொண்டது.

அரசு ஊழியருக்கு அந்த ஆணை என்ன செய்தது என்பது ஊரறிந்த செய்தி. போக்குவரத்து டிரஸ்டுக்கு அது செய்ததைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. அதே எல்லைக்கோடு கழகங்களிலும் பின்பற்றப்பட்டது: 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர், நடத்துநர், தொழில்நுட்பப் பணியாளர் யாரும் டிரஸ்டில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் பெயரில் நிர்வாகம் கட்டும் பங்கும் டிரஸ்டுக்கு வராது. பழைய ஆட்கள் ஒவ்வொரு மாதமும் ஓய்வு பெறுகிறார்கள். பங்கு கட்டும் வரிசையிலிருந்து விலகிப் பங்கு வாங்கும் வரிசைக்கு வருகிறார்கள். வாய்க்காலை அடைத்துவிட்டு மதகைத் திறந்து வைத்த குளம் எத்தனை நாள் நிறைந்திருக்கும்? நான்கு பேர் கட்டி ஒருவர் வாங்க வேண்டிய நிதியில், ஒருவர்கூடப் புதிதாகச் சேர முடியாது என்று ஆணையிட்ட நாளிலேயே பற்றாக்குறையின் தேதி குறிக்கப்பட்டுவிட்டது. ஓய்வுபெற்ற போக்குவரத்துத் தொழிலாளர்களின் எண்ணிக்கை பிறகு 90 ஆயிரத்தை எட்டியது. நிதியை மூடும்போது, உள்ளே இருப்பவர்களுக்கான கடனை யார் எந்த ஆண்டு எவ்வளவு கட்டுவது என்று ஒரு அட்டவணை போட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் மூடியவர்கள் எதிர்பாராத விபத்தில் சிக்கியவர்கள் என்று சொல்ல முடியாது.

இனிக் கடிவாளம். ஒரு கம்பெனிக்கு வரவு குறைந்தால் விலையை ஏற்றும், நட்டம் தரும் வேலையை நிறுத்தும். போக்குவரத்துக் கழகம் இந்த இரண்டில் எதையும் தானாகச் செய்ய முடியாது. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம் மாநில அரசிடம் கொடுத்திருக்கிறது. எந்தக் கிராமத்துக்கு எத்தனை நடை என்பதும் கோட்டையின் கொள்கை. அவிநாசியிலிருந்து கோவைக்குப் போகும் ஒரு சாதாரண மொபசல் பேருந்தை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 40 கிலோமீட்டர். 2011 நவம்பருக்கு முன் கிலோமீட்டருக்கு 28 காசு; ஆக, சுமார் 11 ரூபாய். 2011 நவம்பரில் 42 காசு ஆனது. சுமார் 17 ரூபாய். அதன் பிறகு 6 ஆண்டுகள் அசையவில்லை. 2018 ஜனவரியில் 60 காசாக ஏற்றி, எதிர்ப்பு வந்ததும் 58 காசாகக் குறைத்தார்கள்; சுமார் 23 ரூபாய். அதன் பிறகு ஆட்சி மாறியது, கட்டணம் மாறவில்லை. 2011-ல் லிட்டர் 45 ரூபாய்க்கும் கீழே கிடைத்த டீசல் இதற்கிடையில் 90 ரூபாயைத் தாண்டியது. 2013 ஜனவரியில் மத்திய அரசு மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு மானியத்தை நிறுத்தியபோது, சாலையோர பங்க்கில் ஒரு காருக்குக் கிடைக்கும் விலையைவிட அதிக விலை கொடுத்து அரசுப் பேருந்து டீசல் வாங்கும் நிலை வந்தது. கழகத்துப் பேருந்துகள் தனியார் பங்க்குகளில் வரிசையில் நின்று டீசல் போட்டன. 2021 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்றது. இந்தச் சராசரிப்படி அவிநாசியிலிருந்து கோவைக்கு ஒரு நடை போய்ச் சேரும்போது நட்டம் 2,366 ரூபாய்.

அந்த 2,366 ரூபாயை யாராவது போட்டாக வேண்டும். டீசல் கடன் கிடைக்காது, டயர் கடன் நெடுநாள் கிடைக்காது. கேட்காமல் கடன் கொடுக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்: தொழிலாளி. ஒரு நடத்துநரின் சம்பளச் சீட்டில் பி.எஃப்., கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம் என்று பிடித்தங்கள் வரிசையாக இருக்கும். சீட்டில் பிடித்ததாக அச்சாகியிருக்கும் தொகை, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் அன்றாடச் செலவுக்குத் திருப்பப்பட்டது என்பதும், அந்தப் பணத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பதும் 2017 மே மாத வேலைநிறுத்தத்திலும், 2018 ஜனவரி 4 முதல் 11 வரை நடந்த வேலைநிறுத்தத்திலும் மையமான கோரிக்கை. 2018-ல் பேசப்பட்டது வெறும் ஊதிய உயர்வு என்றே பலருக்கு நினைவு: சங்கங்கள் 2.57 மடங்கு கேட்டன, அரசு 2.44 மடங்கு என்றது. அந்தப் பெருக்கல் எண்களுக்குக் கீழே கிடந்த பெரிய பிரச்சினை, ஓய்வுபெற்றவர்களின் நிலுவை. உயர் நீதிமன்றம் தலையிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி இ.பத்மநாபன் ஊதியத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்டார். நிலுவைக்கு அரசு அவ்வப்போது பணம் விடுவித்தது; அடுத்த மாதம் ஓய்வு பெறுபவரிடமிருந்து புதிய நிலுவை தொடங்கியது. 2024 ஜனவரி 9-ல் தொழிலாளர்கள் மறுபடி வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஓய்வூதியரின் அகவிலைப்படி நின்று 8 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2015-ல் 60 வயதில் இருந்தவருக்கு அப்போது 68 வயது. மருந்து விலையும் அரிசி விலையும் அவருக்காக நிற்கவில்லை.

மூன்றாவது கேள்வி, மிச்சமான பணம் யாருக்குப் பயன்பட்டது என்பது. பேருந்துக் கட்டணம் ஏறாததால் பயணி மிச்சம் பிடித்தார். தேர்தலைச் சந்திக்கும் கட்சி நல்ல பெயர் வாங்கியது. அவிநாசி வட்டாரத்தில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும்: பனியன் கம்பெனி முதலாளி. தொழிலாளி வேலைக்கு வந்துபோகும் செலவு குறைவாக இருந்தால், அவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியும் அந்த அளவுக்கு அழுத்தம் குறைந்து நிற்கும். குறைந்த கட்டணப் பேருந்து, ஏற்றுமதித் தொழிலுக்கு அரசு கொடுத்த சத்தமில்லாத மானியம். அதைக் கொடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. ஏழைகள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் குறைந்த செலவில் போய்வர வேண்டும். அதற்கு அரசு பணம் செலவிடத்தான் வேண்டும். அந்தச் செலவை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதாமல், ஓட்டுநரின் முதுமைக் கணக்கில் எழுதியதுதான் குற்றம். வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கு நம் முன்னே சான்று இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஈடாகத் தரப்படும் என்று அரசு அறிவிப்போடு சேர்த்தே சொன்னது. 2025–26 பட்ஜெட்டில் அது 3,600 கோடி ஆனது. மாணவர் பஸ் பாஸுக்கும் இதே போல் அரசு பணம் கட்டுகிறது. சமூக நலனுக்காக ஒரு சேவை என்றால் அதன் விலையைப் பட்ஜெட்டில் போட முடியும் என்பதை அரசே காட்டியிருக்கிறது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவை லேசானவை அல்ல. முதலாவது, கழகங்களின் நட்டத்துக்கு ஊழியர்களின் திறமைக் குறைவும் சங்கங்களின் பிடிவாதமும் காரணம் என்பது. ஆனால் டீசல் சிக்கனத்தில் தமிழ்நாட்டுக் கழகங்கள் அகில இந்திய அளவில் பலமுறை முன்னிலை வகித்தவை. ஓட்டுகிறவர் கைப்பழக்கமும் டிப்போ மெக்கானிக்கின் கவனமும் இல்லாமல் லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்குமேல் எடுக்க முடியாது. சங்கங்களுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிடப்போவதில்லை. 1998-ல் ஓய்வூதியம் வேண்டும் என்று கேட்டவர்கள், அதற்குப் பணம் எங்கிருந்து, எந்தக் கணக்கின்படி வரும் என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். ஆளும் கட்சி மாறும்போது பெரும்பான்மைச் சங்கமும் மாறும் நம் ஊர் வழக்கத்தில், தன் கட்சி ஆட்சியில் அமைதியாகவும் எதிர்க்கட்சி ஆட்சியில் உரக்கவும் பேசிய சங்கங்கள் தொழிலாளிக்கு நன்மை செய்யவில்லை. 2003-ல் புதியவர்களுக்கு டிரஸ்ட் மூடப்பட்டபோது, அது பழையவர்களின் ஓய்வூதியத்தையும் அறுக்கும் கத்தி என்று ஊருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இவை உண்மையான குறைகள். ஆனாலும் கேட்கத் தவறியவரின் குறையும், கொடுப்பதாகக் கையெழுத்திட்டு நிதியை நடத்தியவரின் குறையும் ஒரே எடை ஆகாது. தொழிலாளி தன் பங்கை ஒரு மாதம்கூடக் கட்டாமல் இருந்ததில்லை. அவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது, சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் அவிநாசியில் நின்று கேட்டால் இன்னும் கூர்மையாகக் கேட்கும். பனியன் கம்பெனியின் பவர் டேபிளில் முப்பது ஆண்டு குனிந்து தைத்தவருக்கு என்ன ஓய்வூதியம்? பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் இ.பி.எஸ். ஓய்வூதியம், அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். பீஸ் ரேட்டிலும் ஜாப் ஒர்க்கிலும் காலம் தள்ளியவருக்கு அதுவும் இல்லை. அவர் வாங்கும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் கட்டும் வரியிலிருந்து அரசுப் பேருந்து ஓட்டுநருக்குச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயமான வலி இருக்கிறது. ஆனால் அந்த வலிக்கு மருந்து ஓட்டுநரின் பணத்தைக் கொடுக்காமல் விடுவதில் இல்லை. ஓட்டுநருக்கு 8 ஆண்டுகள் அகவிலைப்படி நின்றதால், பனியன் தொழிலாளியின் 1,000 ரூபாய் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறும்போது வாங்கும் கூலியின் மதிப்புச் சரியக் கூடாது என்பதுதான் அந்தப் போராட்டத்தின் சாரம். ஓய்வூதியருக்கு அகவிலைப்படி கேட்பதும் அதே நியாயம். அரசு தானே கையெழுத்திட்ட வாக்கையே மீறலாம் என்று ஒரு முறை ஊர் ஒப்புக்கொண்டால், தனியார் முதலாளி பி.எஃப். கட்டாமல் விடுவதைக் கண்டிக்கும் தார்மீக பலம் அந்த அரசுக்கு எங்கிருந்து வரும்? இரண்டு தொழிலாளிகளையும் எதிரெதிரே நிறுத்தும் வாதம் கடைசியில் இருவரையும் கீழே இழுக்கும்.

மூன்றாவது எதிர்வாதம், பணம் இல்லை என்பது. 2020–21-ல் தமிழ்நாட்டின் வருவாய்ப் பற்றாக்குறை 60 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது என்பது உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கட்ட வேண்டிய பங்கைக் கட்டாமல் தள்ளிப்போட்டால், பணம் இல்லாத நாள் தானாக வந்தே தீரும். இது தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 1994-ல் தன் ஊழியர் ஓய்வூதிய நிதியைச் சீராக்க 50 ஆண்டுத் திட்டம் போட்டது. தொடக்க ஆண்டுகளில் குறைவாகக் கட்டி, பிறகு படிப்படியாகக் கூட்டி, 2045-ல் 90 விழுக்காடு நிதியைச் சேர்ப்பது என்று சட்டம் செய்தார்கள். குறைவாகக் கட்டும் ஆண்டுகள் அந்தச் சட்டத்தைச் செய்தவர்களுடையவை. கூடுதலாகக் கட்டும் ஆண்டுகள் பின்னால் வருபவர்களுடையவை. பற்றாக்குறை மலையாக வளர்ந்ததும் ஓய்வூதியத்தைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் அதைச் செல்லாது என்றது. டெட்ராய்ட் நகரம் 2013-ல் திவாலானபோது அங்கே நகராட்சியின் பொதுப்பிரிவு ஓய்வூதியர்களின் தொகையில் 4.5 விழுக்காடு வெட்டப்பட்டது. விலைவாசிக்கு ஏற்ற உயர்வும் நின்றது. இந்த இடங்களிலெல்லாம் வாக்குக் கொடுத்தவர்கள் பதவிக் காலம் முடிந்து போய்விட்டார்கள். வாக்கை நம்பியவர்கள் முதுமையில் விலை கொடுத்தார்கள். ஓய்வூதிய வாக்குறுதியின் ஆபத்து இதுதான்: பெயர் இன்று கிடைக்கும், செலவு இருபது ஆண்டு கழித்து வரும்.

இப்படிப் பார்த்தால் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. வாக்குக் கொடுத்தது மாநில அரசு. கட்டணம், தடம், ஊதியம், நிதியின் விதி, அதைப் புதியவர்களுக்கு மூடும் முடிவு எல்லாம் மாநில அரசின் கையில். கட்டாத பங்கால் மிச்சமான பணத்தில் மலிவான பயணமும் தேர்தல் நற்பெயரும் கிடைத்தன. கம்பெனி என்ற பெயர்ப்பலகை தொழிலாளிக்கு அரசு ஊழியர் என்ற தகுதியை மறுக்கப் பயன்பட்டது. அரசு தனக்கு உள்ள கம்பெனி முதலாளிக்குரிய பொறுப்பை மறுக்கவும் அதுவே பயன்பட்டது. இந்தப் பழியை ஒரு கட்சியின் தலையில் மட்டும் கட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1998-ல் நிதிக்கணக்கை உறுதிசெய்யாமல் வாக்குக் கொடுத்தது தி.மு.க. ஆட்சி. 2003-ல் வாய்க்காலை அடைத்ததும், 2011 முதல் 6 ஆண்டுகள் கட்டணத்தை நிறுத்தி ஈடும் முழுமையாகக் கொடுக்காமல் விட்டதும், அகவிலைப்படியை நிறுத்தியதும் அ.தி.மு.க. ஆட்சி. 2006 முதல் 2011 வரையிலும் 2021-க்குப் பிறகும் அந்த முடிவுகளை மாற்றும் அதிகாரம் இருந்தும் நிலுவையை வளரவிட்டது மறுபடியும் தி.மு.க. ஆட்சி. இரண்டு கட்சிகளின் பங்கும் சமமா என்று அளப்பதைவிட, அரசு என்பது தொடர்ச்சியான ஒரே உயிர், முந்தைய ஆட்சியின் கையெழுத்து இன்றைய ஆட்சியையும் கட்டுப்படுத்தும் என்பதை ஏற்பது முக்கியம்.

இந்த வரலாறு பேருந்துத் தொழிலாளியோடு முடிவதில்லை. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அந்தத் திட்டத்தை ஆராய 2016-ல் அமைத்த குழு 2018 நவம்பரில் அறிக்கை கொடுத்தது; முடிவு வரவில்லை. 2025-ல் இன்னொரு குழு. 2026 ஜனவரி 3-ல் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது: ஊழியர் 10 விழுக்காடு கட்டுவார், கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு ஓய்வூதியம் உறுதி, மீதியை அரசு ஏற்கும், தொடக்கத்தில் 13 ஆயிரம் கோடி ரூபாயும், பிறகு ஆண்டுதோறும் சுமார் 11 ஆயிரம் கோடி ரூபாயும் அரசு செலுத்த வேண்டியிருக்கும் என்று சொன்னார்கள். தொகையை வெளிப்படையாகச் சொன்னது 1998-ஐவிட முன்னேற்றம். அந்தத் தொகை ஒவ்வோர் ஆண்டும் நிதியில் போய் உட்காருகிறதா என்பதுதான் இனிச் சோதனை. யார் ஆட்சியில் இருந்தாலும், முதலில் போக்குவரத்து டிரஸ்டுக்கு அரசு கட்ட வேண்டிய கடனைக் கணித்து அறிவிக்க வேண்டும். அதைத் தவணை போட்டுப் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் ஓய்வூதிய நிதியின் வரவு, செலவு, பற்றாக்குறையும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் அதிகாரிக்குத் தனிப்பட்ட பொறுப்பு இருக்க வேண்டும். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலாவது ஓய்வூதியம் என்ற சொல்லைப் பார்த்தால், எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், அதற்காக இந்த ஆண்டு எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேளுங்கள்.